பிலாவிலையில் ஒரு வாய்

தாணுப்பிள்ளையின் தலையை இடது கையில் ஏந்தி, வலது கையிலிருந்த கிண்டியால் அவர் வாயில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். மூக்கு வைத்த வெண்கலக் கிண்டி, அவர்கள் வீட்டிலிருந்து வந்தது. தண்ணீர் நூலாக இறங்கியது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு மார்பு குலுங்கி, முகம் கறுத்து, கண்ணில் நீர் முட்டி, விட்டதில் பாதி மூக்கு வழியாக என் வெள்ளை உடுப்பில் வந்து விழுந்தது.

கட்டிலின் கால்மாட்டில் நின்ற அவர் மனைவி நாகம்மை ஓடிவந்து அவர் உச்சந்தலையில் தட்டினாள்.

“யாரோ நினைக்கியாவ” என்றாள்.

புரை ஏறினால் நம்மூரில் எல்லோரும் சொல்வதுதான். ஆனால் அந்த மனிதருக்கு ஒரு நாளில் இருபது தடவையாவது புரை ஏறியது. அத்தனை பேர் விழுந்து விழுந்து நினைப்பதற்கு அவர் திவான் இல்லை. நாலு வயலும் ஒரு தென்னந்தோப்பும் உள்ள சாதாரண ஆள்.

சென்ற வாரம் பேறுகால வார்டைப் பற்றி எழுதியிருந்தேன். ‘ஆஸ்பத்திரி என்றால் பிறப்பும் இறப்பும்தானா, நடுவில் சோறு தண்ணி ஒன்றும் கிடையாதா அம்மா?’ என்று ஒரு வாசகர் கார்டு போட்டிருக்கிறார். குத்தலாகத்தான் கேட்டிருக்கிறார். இருக்கட்டும். சோறு தண்ணியைப் பற்றியே எழுதுகிறேன். படித்துவிட்டுச் சாப்பிட உட்காரும்போது உங்கள் தொண்டை உங்களுக்கே விநோதமாகத் தெரிந்தால் என்மேல் பழி போடாதீர்கள்.

அண்ணாந்து குடிக்கும் ஊர்

முப்பதுகளின் நடுவில் எப்போதோ நடந்தது. ஆண்டு கேட்டால் தெரியாது. கன்னிப்பூ நெல் அறுவடை மழையில் நனைந்து, வார்டுக்குள்கூட ஈர வைக்கோல் மணம் அடித்த வருஷம், அவ்வளவுதான். நான் அப்போது தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வயசு கொஞ்சம், வாய் அதிகம்.

தாணுப்பிள்ளையை அஞ்சுகிராமத்துப் பக்கமிருந்து வில்வண்டியில் கொண்டுவந்தார்கள். பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது, பேச்சு இல்லை. ஆனால் கண் தெளிவாக இருந்தது. நாம் பேசுவது அத்தனையும் அவருக்குப் புரிந்தது. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

அவர்கள் வீட்டில் யாரும் பாத்திரத்தை உதட்டில் வைத்துக் குடிக்க மாட்டார்கள். எச்சில். அவர்கள் வீட்டில் மட்டும் என்ன, வேதக்கார, அதாவது கிறிஸ்தவ, வீட்டில் பிறந்த நானும் செம்பை அண்ணாந்துதான் குடிப்பேன். ஆஸ்பத்திரித் தம்ளரை அவர் உதட்டருகே கொண்டுபோனால் பல்லைக் கடித்து, நல்லாயிருந்த இடது கையால் தள்ளிவிடுவார். யார் யார் வாய் வைத்த தம்ளரோ. ஆகவே தலையை நிமிர்த்தி, மேலேயிருந்து ஊற்றினோம். நான் ஊற்றினேன், நாகம்மை ஊற்றினாள். நோயாளிக்கு லேசானதுதானே நல்லது என்று தண்ணீர், கஞ்சித்தெளிவு, இளநீர் எல்லாம் ஊற்றினோம்.

மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது. நெஞ்சில் கரகரவென்று சத்தம். பெரிய டாக்டர் குழலை வைத்துக் கேட்டார். அவர் வெள்ளைக்காரர். வேதபுத்தகத்தை வைத்துத் தமிழ் படித்தவராதலால் தண்ணீர் கேட்டால்கூட தீர்க்கதரிசி பேசுவது போலிருக்கும். “அம்மா, நீங்கள் கொடுக்கிற பானம் இவருடைய வயிற்றில் பிரவேசிக்கவில்லை. சுவாசகோசத்தில் பிரவேசிக்கிறது” என்றார். நாகம்மை என்னைப் பார்த்தாள். தப்பான வழியில் போகிறது என்று எடுத்துச் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு உறைத்தது. மூன்று நாளாக அந்த மனிதரின் நெஞ்சில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவள் நான்.

டாக்டர் மூக்கு வழியாக ரப்பர் குழாய் விட்டுப் பால் ஊற்றினார். இரண்டு முறை விட்டார், இரண்டு முறையும் தாணுப்பிள்ளை இடது கையால் பிடுங்கி எறிந்தார். இரண்டாம் முறை ரத்தம் வந்தது. அதற்குமேல் நாகம்மை விடவில்லை. கட்டிலுக்கும் டாக்டருக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டாள்.

அவருடைய அண்ணன் வேலாயுதம் பிள்ளை வந்து பார்த்தார். குடும்பத்துக்கே தலைவர், நல்ல மனுஷர், தம்பிமேல் உயிர். அதிகம் பேசவில்லை. வியாழக்கிழமை வரை பார்ப்போம், அதற்குள் ஒரு வாய் கஞ்சி உள்ளே போகவில்லையென்றால் வண்டி கொண்டுவருகிறேன், அவன் பிறந்த வீட்டிலேயே போகட்டும் என்றார். வீட்டுக்குப் போனால் என்ன நடக்கும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து ஆளுக்கு ஒரு கரண்டி பாலை வாயில் ஊற்றுவார்கள். அத்தனை பாலும் எங்கே போகும் என்று எனக்கு மட்டும் கூடுதலாகத் தெரிந்திருந்தது.

ஒரு மத்தியானம்

மறுநாள் மத்தியானம் தலையணைகளை அடுக்கி அவரைச் சாய்த்து உட்கார வைத்திருந்தோம். தூங்கிப்போனார். தலை முன்னால் தொங்கி, தாடை நெஞ்சில் பட்டுக்கொண்டிருந்தது. வாயோரம் எச்சில் கோத்து நின்றது. துடைக்கலாம் என்று துணியை எடுத்தேன். அப்போது அவர் தொண்டையில் குரல்வளை மேடு சட்டென்று மேலே ஏறி இறங்கியது. எச்சிலை விழுங்கிவிட்டார். இருமவில்லை.

துணியைப் பிடித்தபடியே நின்றேன். இன்னொரு முறை ஏறி இறங்கியது. இருமல் இல்லை. தண்ணீர் விட்டால் பொறுக்காத தொண்டை, தன் எச்சிலை இரண்டு முறை ஒழுங்காக உள்ளே அனுப்பிவிட்டது.

நர்ஸ்கள் சாப்பிடும் அறைக்குப் போய் ஒரு செம்பு தண்ணீரோடு உட்கார்ந்தேன். இரண்டு விரலைத் தொண்டையில் வைத்து அண்ணாந்து குடித்தேன். பிறகு, வெட்கத்தை விட்டு, செம்பில் வாய் வைத்துத் தலை குனிந்து குடித்தேன். மறுபடி அண்ணாந்து, மறுபடி குனிந்து. அண்ணாந்தபோது தொண்டை இழுத்துக் கட்டினாற்போல இருந்தது, அந்த மேடு ஏறவே சிரமப்பட்டது. தண்ணீரோ அது ஏறும்வரை காத்திருக்காமல் தன்பாட்டுக்கு ஓடியது. குனிந்தால் தண்ணீர் வாய்க்குள்ளேயே நின்றது, நான் அனுப்பினால்தான் போயிற்று. சமையல்காரி எட்டிப்பார்த்துவிட்டு, இந்தப் பிள்ளைக்கு என்னவோ பிடித்திருக்கிறது என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டாள்.

இவ்வளவு காலம் இதைக் கவனிக்காமல் எப்படி இருந்தேன் என்று எனக்கே ஆச்சரியம். சின்ன வயசில் ஒருமுறை சாளை மீன் முள் தொண்டையில் மாட்டிக்கொண்டு வீட்டையே ரெண்டு பண்ணினேன். அப்பா சோற்றை உருட்டி, மெல்லாமல் விழுங்கு என்று தந்தார். முள் போயிற்று. அன்றைக்கு எல்லோரும் முள்ளைப் பற்றியே பேசினார்கள். அந்த உருண்டையைக் கொண்டுபோய்ச் சேர்த்த தொண்டையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும்தான்.

துரையின் தொண்டை

டாக்டரிடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, காலரைத் தளர்த்தி, கையைத் தன் தொண்டையில் வைக்கச் சொன்னார். வார்டு முழுக்க வேடிக்கை பார்க்கிறது. ஒரு கன்னிப்பெண் துரையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அவர் தண்ணீரை அண்ணாந்து விழுங்கினார், பிறகு குனிந்து விழுங்கினார். தன் விரலையும் என் விரலுக்குப் பக்கத்தில் வைத்து மறுபடி விழுங்கினார்.

பிறகு ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். தொண்டையில் ஓரிடம் வரை சோற்றுக்கும் மூச்சுக்கும் ஒரே வழி. அங்கே இரண்டாகப் பிரிகிறது. முன்னால் இருப்பது மூச்சுக்குழல், பின்னால் இருப்பது உணவுக்குழல். சோறு போக வேண்டுமானால் முன்னாலிருக்கும் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். அது தாண்டும் அந்த ஒரு கணத்தில் மூச்சு நின்று, குரல்வளை மேலே ஏறி, அந்த வாசல் மூடிக்கொள்கிறது. சோறு போனதும் திறந்துகொள்கிறது.

நான் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறந்த நாள் முதல் தூக்கத்தில்கூட இது நடக்கிறது. ஒவ்வொரு வாய்க்கும் நாம் மூச்சை விட்டுக்கொடுத்துச் சாப்பிடுகிறோம். யாரும் கற்றுத் தரவில்லை, யாரும் நன்றி சொன்னதில்லை.

அந்த வாரம் நற்கருணை ஆராதனையில் நான் செய்த காரியத்தைச் சொன்னால் எங்கள் சபையார் இப்போதும் மன்னிப்பார்களோ என்னவோ. எல்லோரும் கண்ணை மூடி அப்பமும் திராட்சரசமும் விழுங்க, நான் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு தொண்டைகளைப் பார்த்தேன். போதகரின் தொண்டை ஏறி இறங்கியது. அவர் பக்கத்தில் கிழவர் ஒருவருக்கு இரண்டு முறை ஏறி இறங்கியது. வரிசையாக, ஒருவர் பின் ஒருவராக, அத்தனை வாசலும் மூடித் திறந்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்திலிருந்தவள் நான் பாவங்களை நினைத்து அழுகிறேன் என்று கையைப் பிடித்துக்கொண்டாள். நான் மறுத்துச் சொல்லவில்லை.

திருடிக் கொடுத்த பழம்

தலை குனிந்தால் மட்டும் போதவில்லை. குனிந்தும் தண்ணீர் கொடுத்துப் பார்த்தோம், இருமல் குறைந்ததே தவிர நிற்கவில்லை. செவ்வாய்க்கிழமை. எனக்கு எரிச்சல். அப்போது நாகம்மை தரையைப் பார்த்துக்கொண்டு, ஒரு காரியம் செய்துவிட்டேன் என்றாள்.

முந்தின நாள் அவித்த ஏத்தன் வாழைப்பழத்தை விரலால் மசித்து, ஒரு நெல்லிக்காய் அளவு அவர் வாயில் வைத்திருக்கிறாள். கெட்டியாக எதுவும் கூடாது என்று நான் சட்டம் போட்டிருந்தேன். பொறுக்க முடியாமல் திருட்டுத்தனமாகக் கொடுத்தாள். எனக்கு வந்ததே கோபம். கொல்லப் பார்த்தியா அக்கா என்று கேட்டுவிட்டேன்.

“இருமல மக்கா” என்றாள். “அதத்தான் சொல்லுகேன். பழம் போச்சு. இருமல.”

நாங்கள் எல்லோரும், டாக்டர் உட்பட, தலைகீழாகப் பார்த்திருக்கிறோம். தண்ணீர் லேசானது, ஆகவே சுலபம் என்று நினைத்தோம். தண்ணீர் ஓடுகிறது. வாதம் வந்த தொண்டைக்கு வாசலை மூட நேரம் வேண்டும். கெட்டியானது மெதுவாக வரும், அந்த நேரத்தைக் கொடுக்கும். இதைக் கண்டுபிடித்தது நானுமில்லை, துரையுமில்லை. சட்டத்தை மீறிய நாகம்மை.

கூவைக்கிழங்கு மாவைக் கருப்பட்டி போட்டுக் கெட்டியாகக் கிண்டினோம், கரண்டியைச் சாய்த்தால் சொட்டாமல் தொங்குகிற பதத்துக்கு. கரண்டியை உதட்டில் வைக்கச் சம்மதிப்பாரா என்பது அடுத்த கவலை. அதற்கும் நாகம்மையே வழி சொன்னாள். வார்டுக்குப் பின்னால் பலாமரம் நின்றது. கஞ்சி குடிக்க நாமெல்லாம் செய்வதுபோல ஒரு இலையைப் பறித்து, கரண்டிபோலச் சுருட்டிக் கோட்டி, ஈர்க்குக் குச்சி குத்தினாள். பிலாவிலை புத்தம் புதியது, ஒரு நேரத்துக்கு ஒன்று, முடிந்ததும் தூர எறிந்துவிடலாம். யாருடைய எச்சிலும் அதில் இல்லை. தாணுப்பிள்ளை அந்த இலையைப் பார்த்தார், வாயைத் திறந்தார். அதில் அள்ளினால் வருவதும் கொஞ்சம்தான். எந்த வெள்ளிக் கரண்டியும் அத்தனை பொருத்தமாக இருந்திருக்காது.

எங்களுக்குள் ஒரு ஒழுங்கு உண்டாயிற்று. தாடை நெஞ்சைப் பார்க்க வேண்டும். நல்ல பக்கத்தில், இடது கன்னத்தில் வைக்க வேண்டும். என் இரண்டு விரல் தொண்டையில். ஏறியதா, இறங்கியதா, இன்னொரு முறை வெறும் வாயில் விழுங்கட்டும். பிறகு “ஆ” சொல்லச் சொல்வேன். அவருக்கு வந்த ஒரே சத்தம் அதுதான். குரல் காய்ந்து வந்தால் அடுத்த வாய். ஈரமாய்க் கொழகொழத்தால் வாசலில் ஏதோ நிற்கிறது, நிறுத்தம். அன்று மூன்று வாய் போனது. மறுநாள் காலை ஐந்து. காய்ச்சலும் தணிந்திருந்தது.

இடையில் டாக்டர் கிளை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வந்தது. போகும்போது என்னிடம், காய்ச்சல் ஏறினால் வாயால் கொடுப்பதை நிறுத்திவிடு என்றார்.

புதன்கிழமை சாயங்காலம் காய்ச்சல் ஏறியது. அவர் தாகத்தில் கையைக் காட்டிக் காட்டிக் கெஞ்ச, மனசு கேட்காமல் நாகம்மை கிண்டியில் ஒரு மடக்கு விட்டிருக்கிறாள். பழைய பழக்கம், கை தானாகத் தலையை நிமிர்த்தியிருக்கிறது. நான் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத மாட்டேன். அவள் கிண்டியை எடுத்துக்கொண்டுபோய்க் கட்டிலுக்கடியில் கவிழ்த்து வைத்தாள். மூன்று நாள் ஊற்றிய நான், ஒரு மடக்கு ஊற்றியவளை அப்படிப் பேசியதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

வில்வண்டி வந்த நாள்

வியாழக்கிழமை காலை வெயில் ஏறும்போது வண்டி வந்துவிட்டது. உள்ளே வைக்கோல் பரப்பி, மேலே புதுப்பாய் விரித்திருந்தது. வேலாயுதம் பிள்ளை ஒரு செம்பில் பால் கொண்டுவந்திருந்தார். வழியிலேயே ஏதாவது ஆகிவிட்டால் என்று.

தம்பியின் நெற்றியில் கை வைத்தார். சூடு. அவர் கண் கலங்கியது. என்னைக் கேட்டார், நான் உள்ளதைச் சொன்னேன். எட்டு வாய் போயிருக்கிறது, நேற்று காய்ச்சல் திரும்பியிருக்கிறது, டாக்டர் நிறுத்தச் சொல்லிப் போயிருக்கிறார். பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். அவர் தலையாட்டிவிட்டு வண்டிக்காரனைக் கூப்பிட வாசலுக்குத் திரும்பினார்.

நாகம்மை அதுவரை கணவனின் அண்ணன் முன்னால் நின்று பேசியவள் அல்ல. அவர் வந்தால் கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். அன்றைக்குக் கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள்.

“ஒரு நேரம் நான் குடுக்கேன். அத்தான் பக்கத்துல இருந்து பாக்கட்டும். ஒரு தடவ இருமினா, நானே பிடிச்சு வண்டியில ஏத்துகேன்.”

அவள் அத்தான் என்று சொன்ன வேலாயுதம் பிள்ளை என்னைப் பார்த்தார். டாக்டர் சொன்னது என் காதில் இருந்தது. மீறினேன். கூவைக்கஞ்சியை நானே கிண்டிக் கொண்டுவந்தேன்.

அவள் இலையைக் கோட்டினாள். முதல் வாய். என் விரலுக்கடியில் மேடு ஏறியது, ஒரு கணம் நின்றது, இறங்கியது. “ஆ.” காய்ந்த குரல். இரண்டாவது. மூன்றாவது. வேலாயுதம் பிள்ளை மூச்சுவிடாமல் நின்றார். ஆறாவது வாய் தொண்டையில் கொஞ்சம் தயங்கியது. தம்பி சிரமப்படுகிறானே என்று அவருக்குப் பதைத்துவிட்டது. அன்பில்தான் செய்தார். கையை நீட்டி, தாடையைப் பிடித்து மேலே தூக்கப் போனார்.

நாகம்மை அவர் கையைப் பிடித்துவிட்டாள். வாழ்நாளில் தொடாத கை. பிடித்தவள் விடவும் இல்லை. அந்தக் கையை அப்படியே கொண்டுபோய்த் தாணுப்பிள்ளையின் தொண்டையில், என் விரல் இருந்த இடத்தில் வைத்தாள். நான் விலகிக்கொண்டேன்.

மேடு ஏறியது. இறங்கியது. இருமல் இல்லை.

அந்தப் பெரிய மனுஷருடைய முகம் போன போக்கை என்னால் எழுத முடியவில்லை. படத்தைப் பார்த்தபோது என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். மிச்ச வாய்களுக்கு அவர் கையை எடுக்கவே இல்லை. பன்னிரண்டு வாய். கலம் காலி.

கொஞ்ச நேரம் கழித்து, கொண்டுவந்த பால் செம்பை என்னிடம் நீட்டினார். அடுத்த நேரத்துக் கஞ்சியை இதில் கிண்டு என்றார். வாசலில் போய், பாயைச் சுருட்டு என்று வண்டிக்காரனிடம் சொன்னது கேட்டது. நான் ஒரு தம்ளர் பாலை நாகம்மைக்கென்று ஊற்றி வைத்தேன். அவள் கடைசியாக எப்போது சாப்பிட்டாள் என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு தொண்டையையே இத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்ததில், பக்கத்திலிருந்த தொண்டையை நான் பார்க்கவே இல்லை. அவளோ, பெரியவர் நிற்கும்போது எப்படிக் குடிப்பது என்று தயங்கினாள்.

“நீயும் குடி மக்ளே” என்றார் வேலாயுதம் பிள்ளை. அவளிடம் அவர் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதானாம், பிறகு அவள்தான் சொன்னாள்.

அவள் தம்ளரைத் தூக்கி அண்ணாந்தாள். பால் இறங்குவதற்கும் அவளுக்கு அழுகை வெடிப்பதற்கும் சரியாக இருந்தது. புரை ஏறி, மூச்சு முட்டி, கண் பிதுங்கி இருமத் தொடங்கினாள். நான் அவளைப் பிடிக்க ஓடினேன்.

கட்டிலிலிருந்து சத்தம் வந்தது. “ஆ” இல்லை. தாணுப்பிள்ளை இடது கையை அவளை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தார். கோணிய வாயை எங்கெங்கோ இழுத்து, நெற்றி நரம்பு புடைக்க, எட்டு நாளில் முதல் வார்த்தையைச் சொன்னார்.

“குனி.”

அவள் குனிந்தாள்.